ஆர்லாண்டோவில் டைம்ஷேர் வாங்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

டிஸ்னி வேர்ல்டுக்கு இரண்டு மூன்று முறை போய்வந்த குடும்பங்களில் இந்தக் கேள்வி தவறாமல் எழும்: ஒவ்வொரு தடவையும் ஹோட்டலுக்கு இவ்வளவு கொட்டுகிறோமே, பேசாமல் ஒரு டைம்ஷேர், அதாவது ஒரு விடுதியில் ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமை, வாங்கிப் போட்டால் என்ன? எங்கள் வீட்டிலும் எழுந்தது. பிள்ளைகளோடு ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்துப்போனால் இரண்டு அறை வேண்டும், சமைக்க ஒரு அடுப்பும் வேண்டும். அதனால் அலசத் தொடங்கினோம். அங்கேதான் சிக்கல். தங்கும் இரவுகளுக்கு ஈடாகச் செலவழிக்கும் பாயிண்டை ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் சொல்கிறது. ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கவே முடியவில்லை. எழுத்தில் கொடுங்கள் என்றால் விற்பனை மேசையில் பேச்சு மாறுகிறது. நான் மாதக்கணக்கில் காகிதங்களோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டதை, எந்த வரிசையில் செய்தால் உங்களுக்கு அலைச்சல் குறையுமோ அந்த வரிசையில் தருகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதிரி அறையின் அழகை வைத்தோ அன்றைக்குச் சொல்லும் தள்ளுபடியை வைத்தோ எந்த விடுதியையும் தேர்ந்தெடுக்காதீர்கள். வருடா வருடம் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, நீங்கள் போகும் வாரத்தில் உங்களுக்கு அறை கிடைக்கும் உரிமை எவ்வளவு பலமானது, இந்த இரண்டும்தான் முக்கியம்.

1. எந்தப் பூங்கா, எந்த வாரம் என்று முதலில் எழுதுங்கள்

'ஆர்லாண்டோ' என்று பொதுவாகச் சொல்வது போதாது. டிஸ்னியின் நான்கு பூங்காக்கள் நகரின் தென்மேற்கே தனி வளாகமாக இருக்கின்றன. யூனிவர்சல் அங்கிருந்து வடகிழக்கே இருக்கிறது. அதிலும் 2025 மே மாதம் திறந்த எபிக் யூனிவர்ஸ் பழைய யூனிவர்சல் பூங்காக்களோடு ஒட்டி இல்லை. மாநாட்டு மையத்துக்குப் பக்கம் தனியாக இருக்கிறது. யூனிவர்சல் வளாகத்துக்குள் இருப்பவை ஹோட்டல்கள்தாம், டைம்ஷேர் கிடையாது. பிள்ளைகள் வளர்ந்து டிஸ்னியை விட்டு யூனிவர்சல் பக்கம் சாயும் வயதில் இருந்தால், டிஸ்னிக்குள் நீண்டகால ஒப்பந்தம் போடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

அடுத்தது வாரம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் கிறிஸ்துமஸ், ஸ்பிரிங் பிரேக், கோடை விடுமுறை, இவ்வளவுதான் உங்களுக்கு வாய்ப்பு. பாயிண்ட் அதிகம் பிடிப்பதும் அறைக்குப் போட்டி அதிகமாக இருப்பதும் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். விற்பவர் செப்டம்பர் வாரத்துக்கான பாயிண்டைக் காட்டி 'இவ்வளவு போதும்' என்பார். அந்த ஆண்டின் பாயிண்ட் அட்டவணையை வாங்கி, உங்கள் வாரத்துக்கான வரியை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

2. வாங்குவதற்கு முன் ஒருமுறை வாடகைக்குத் தங்குங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். டைம்ஷேர் வைத்திருப்பவர்கள் அந்த ஆண்டு போக முடியாவிட்டால் பாயிண்டை வாடகைக்கு விடுவார்கள். டிஸ்னியின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெகேஷன் கிளப்பின் பாயிண்டுகளுக்கென்றே இடைத்தரகு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு பாயிண்டுக்கு ஏறத்தாழ 20 டாலர் என்று வைத்துக் கணக்குப் போடலாம். பருவத்தையும் எவ்வளவு முன்கூட்டிப் பிடிக்கிறீர்கள் என்பதையும் பொறுத்து ஏறி இறங்கும். பெரும்பாலும் அதே அறையை டிஸ்னியிடம் நேரடியாக ரொக்கத்துக்கு எடுப்பதைவிட இது மலிவாகவே முடியும்.

ஒரு எச்சரிக்கை: முன்பதிவு உரிமையாளரின் கணக்கில்தான் இருக்கும். தேதி மாற்றுவதும் ரத்து செய்வதும் உங்கள் கையில் இல்லை. கட்டிய பணம் பொதுவாகத் திரும்பி வராது. பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம்.

தங்கும்போது கவனிக்க வேண்டியதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தாம். ஸ்டூடியோ என்றால் மைக்ரோவேவும் சின்ன ஃப்ரிட்ஜும் மட்டும், அடுப்பு கிடையாது. ஒரு படுக்கையறை யூனிட் எடுத்தால்தான் முழு அடுப்பங்கரையும் துவைக்கும் இயந்திரமும் வரும். அதற்கு ஸ்டூடியோவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பாயிண்ட் போகும். காலையில் இட்லி ஊற்றி, சாயங்காலம் வந்ததும் ரசம் சாதம் சாப்பிடும் குடும்பமா, இல்லை வெளியிலேயே சாப்பிட்டுக்கொள்ளும் குடும்பமா? நீங்கள் வாங்கும் பாயிண்டைப் பாதியாக்குவதும் இரட்டிப்பாக்குவதும் இந்த ஒரு கேள்விதான்.

3. உங்களுக்கு எழுதிக் கொடுப்பது எதை?

'சொந்தமாகிறது' என்ற சொல்லுக்குப் பின்னால் மூன்று நான்கு வகை இருக்கிறது. குறிப்பிட்ட வாரம், ஒரு பருவத்துக்குள் மாறக்கூடிய வாரம், பாயிண்ட், அறக்கட்டளையில் ஒரு பங்கு. கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது என்றைக்கு முடிகிறது?

டிஸ்னி வெகேஷன் கிளப்பில் ஒவ்வொரு விடுதிக்கும் முடிவு ஆண்டு உண்டு. போர்டுவாக், பீச் கிளப், போல்டர் ரிட்ஜ் ஆகியவை 2042 ஜனவரியில் முடிகின்றன. ஓல்டு கீ வெஸ்டும் அப்படித்தான். ஆனால் அங்கே சில உரிமையாளர்கள் 2057 வரை நீட்டித்திருக்கிறார்கள், ஆகவே எந்த ஒப்பந்தம் என்று பார்த்து வாங்க வேண்டும். சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054, அனிமல் கிங்டம் வில்லாஸ் 2057, பே லேக் டவர் 2060, கிராண்ட் ஃப்ளோரிடியன் 2064, பாலினேசியன் 2066, காப்பர் க்ரீக் 2068, ரிவியெரா 2070.

டிஸ்னிக்கு வெளியே உள்ள பல விடுதிகளில் பத்திரத்துக்கு முடிவே இல்லை. விற்பவர் அதைப் பெருமையாகச் சொல்வார்: 'பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும்.' பத்திரத்தோடு பராமரிப்புக் கட்டணமும் சேர்ந்துதான் போகும். என்னைக் கேட்டால் முடிவு தேதி இருப்பதுதான் நல்லது.

4. டிஸ்னிக்குள் எந்த விடுதி?

இங்கே ஒரு விதியை மறக்கவே கூடாது. நீங்கள் எந்த விடுதியில் வாங்குகிறீர்களோ அது உங்கள் 'ஹோம் ரிசார்ட்'. அங்கே 11 மாதத்துக்கு முன்பே அறை பிடிக்கலாம். மற்ற விடுதிகளுக்கு 7 மாதத்துக்கு முன்புதான். கிறிஸ்துமஸ் வாரத்துக்கு ஜனவரி கடைசியிலேயே 11 மாதக் கதவு திறந்துவிடும்; 7 மாதக் கதவு மே கடைசியில் திறக்கும்போது நல்ல அறைகளில் மிச்சம் அதிகம் இருக்காது. 'மலிவான இடத்தில் வாங்கிக்கொண்டு, பிடித்த இடத்தில் தங்கலாம்' என்று யாராவது சொன்னால், செப்டம்பருக்கு அது சரியாக வரலாம். பள்ளி விடுமுறைக்கு நம்ப வேண்டாம். வேறெங்கும் இடம் கிடைக்காத ஆண்டிலும் எந்த விடுதியில் மனநிறைவோடு தங்குவீர்களோ, அங்கேயே வாங்குங்கள்.

போக்குவரத்தைப் பார்த்தால்: பே லேக் டவரிலிருந்தும் கிராண்ட் ஃப்ளோரிடியனிலிருந்தும் மேஜிக் கிங்டத்துக்கு நடந்தே போகலாம். கிராண்ட் ஃப்ளோரிடியனுக்கும் பாலினேசியனுக்கும் மோனோரெயில் உண்டு. பீச் கிளப்பும் போர்டுவாக்கும் எப்காட்டுக்கு நடக்கும் தூரம். ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் நடைபாதை இருக்கிறது. ரிவியெராவில் ஸ்கைலைனர் என்ற கேபிள் கார். காப்பர் க்ரீக், போல்டர் ரிட்ஜிலிருந்து மேஜிக் கிங்டத்துக்குப் படகு. அனிமல் கிங்டம் வில்லாஸின் பால்கனியில் நின்றால் கீழே ஒட்டகச்சிவிங்கி நடக்கும், பிள்ளைகள் அசையவே மாட்டார்கள். ஆனால் எந்தப் பூங்காவுக்கும் பேருந்துதான்.

பெரியவர்களை அழைத்துப்போவோர் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஓல்டு கீ வெஸ்டில் அறைகள் தாராளமாக இருக்கும், ஆனால் மிகச் சில கட்டடங்களில்தான் லிஃப்ட் உண்டு. மூட்டுவலி உள்ளவர்களுக்கு மேல்தளம் கிடைத்தால் சிரமம். பே லேக் டவரில் ஒரு படுக்கையறை யூனிட்டிலேயே இரண்டு குளியலறை இருக்கிறது. காலையில் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அதன் அருமை தெரியும்.

வளாகத்துக்குள் தங்கினால் பூங்கா திறக்க அரைமணி நேரம் முன்பே உள்ளே விடுவார்கள். ஆனால் பூங்கா டிக்கெட் எந்த உறுப்பினர் திட்டத்திலும் அடங்காது. விமான நிலையத்திலிருந்து டிஸ்னியின் இலவசப் பேருந்தும் இப்போது இல்லை. இரண்டையும் பட்ஜெட்டில் தனியாக எழுதுங்கள்.

5. வெளியே உள்ளவை

விண்டம் நிறுவனத்தின் பானட் க்ரீக், டிஸ்னி நிலம் சூழ்ந்த இடத்தில் இருக்கிறது. தூரத்தைப் பொறுத்தவரை வெளியே என்றே சொல்ல முடியாது. மேற்கே 192-ஆம் நெடுஞ்சாலையில் ஆரஞ்சு லேக். மாரியட்டின் கிராண்டே விஸ்டா, சைப்ரஸ் ஹார்பர், ஹார்பர் லேக் ஆகியவையும் ஹில்டன் கிராண்ட் வெகேஷன்ஸின் சீவேர்ல்டு விடுதியும் இன்டர்நேஷனல் டிரைவ், சீவேர்ல்டு பக்கம். டிஸ்னிக்கும் யூனிவர்சலுக்கும் இரண்டு நாள் மூன்று நாள் என்று பிரித்துப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதிதான் வசதி. கார் கண்டிப்பாக வேண்டும். பூங்காவில் பார்க்கிங் கட்டணமும் தினமும் சேரும்.

இவற்றில் இரண்டு படுக்கையறை யூனிட்டுகள் விசாலமானவை. வாடகையும் டிஸ்னியோடு பார்த்தால் மிகக் குறைவு. அதனாலேயே இவற்றை வாங்க வேண்டிய அவசியம் குறைவு என்பது என் கருத்து. தேவைப்படும்போது வாடகைக்கு எடுத்தாலே போதும். பலருடைய பழைய பத்திரங்கள் ரீசேலில் (உரிமையாளர் செய்யும் மறுவிற்பனையில்) ஒரு டாலருக்குக்கூட வருகின்றன. கட்டணச் சுமையிலிருந்து விடுபட்டால் போதும் என்று விற்கிறார்கள். அதே விடுதியின் விற்பனை மேசையில் பல ஆயிரம் டாலர் சொல்வார்கள். வீட்டுக்குப் போய் ரீசேல் விலையைத் தேடிப் பார்க்காமல் எந்த விலைக்கும் தலையாட்டாதீர்கள்.

'இங்கே வாங்கினால் உலகம் முழுக்க மாற்றிக்கொள்ளலாம்' என்பார்கள். ஆர்சிஐ, இன்டர்வல் இன்டர்நேஷனல் என்ற பரிமாற்ற அமைப்புகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆண்டு சந்தா தனி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கட்டணம் தனி. ஆர்லாண்டோவில் டைம்ஷேர் மிக அதிகம் என்பதால், சாதாரண ஆர்லாண்டோ வாரத்தைக் கொடுத்து அருமையான இடத்தைப் பெறுவது எளிதில்லை.

6. பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போடுங்கள்

எந்த விடுதியானாலும் ஒரே சூத்திரம்: வாங்கும் விலையை மிச்சமுள்ள ஆண்டுகளால் வகுங்கள். அதோடு ஆண்டுக் கட்டணத்தைக் கூட்டுங்கள். வரும் தொகையை ஆண்டு பாயிண்டால் வகுங்கள்.

ஓர் உதாரணம். சரடோகா ஸ்பிரிங்ஸில் 150 பாயிண்ட், ரீசேலில் ஒரு பாயிண்ட் 110 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 16,500 டாலர். இன்னும் 28 ஆண்டு இருப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு 589. பராமரிப்புக் கட்டணம் பாயிண்டுக்கு 9 டாலர் என்றால் 1,350. இரண்டும் சேர்த்து 1,939, அதாவது ஒரு பாயிண்டுக்கு ஏறக்குறைய 13 டாலர். அதையே நிறுவனத்திடம் 200 டாலர் விலையில் வாங்கினால் 16 டாலருக்கு வந்துவிடும். வாடகை 20 டாலர் என்றால் இரண்டுமே லாபம் போலத் தெரியும். ஆனால் 16,500 டாலரை இன்றே முடக்குகிறீர்கள், பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும். இரண்டு ஆண்டு போகாமல் விட்டு, பாயிண்டும் வீணானால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

டிஸ்னி வேர்ல்டு விடுதிகளில் கட்டணம் பாயிண்டுக்கு 8 டாலரை ஒட்டித் தொடங்கி 10-ஐத் தாண்டியும் போகிறது. இந்த வித்தியாசத்தைச் சிறிதென்று நினைக்காதீர்கள். 150 பாயிண்டுக்கு இரண்டு டாலர் வித்தியாசம் என்றால் வருடம் 300 டாலர், ஒப்பந்தம் முடியும்வரை. வெளியே உள்ள விடுதிகளில் கடந்த ஐந்து ஆண்டுக் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். சொத்து வரி அதற்குள் அடங்குமா, புயல் சேதத்துக்குச் சிறப்பு வசூல் எப்போதாவது நடந்ததா என்பதையும் கேளுங்கள்.

கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும் என்றால் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். நிறுவனம் தரும் கடனுக்கு வட்டி 10 விழுக்காட்டைச் சுலபமாகத் தாண்டும். 15-க்கு மேலும் பார்க்கலாம். அந்த வட்டியில் மேலே போட்ட எந்தக் கணக்கும் நிற்காது.

7. 'யூஸ் இயர்' எந்த மாதம்?

டிஸ்னி பாயிண்டுகளில் இது தனிப் பாடம், விற்கும்போது யாரும் விளக்குவதில்லை. உங்கள் பாயிண்ட் ஆண்டு தொடங்கும் மாதம்தான் யூஸ் இயர். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், ஜூன், ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர், டிசம்பர், இந்த எட்டில் ஒன்று. பயன்படுத்தாத பாயிண்டை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கலாம், ஆனால் யூஸ் இயரின் முதல் எட்டு மாதத்துக்குள் செய்ய வேண்டும்.

நீங்கள் டிசம்பரில் போகிற குடும்பம் என்று வையுங்கள். பிப்ரவரி யூஸ் இயர் என்றால் சேமிக்கும் கெடு செப்டம்பர் 30. நவம்பரில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் பயணம் ரத்தானால், அந்தப் பாயிண்டை ஜனவரி 31-க்குள் எப்படியாவது செலவழிக்க வேண்டும். ஜூன் யூஸ் இயர் என்றால் கெடு அடுத்த ஜனவரி 31, நிம்மதியாகச் சேமித்துவிடலாம். ஆனால் ரத்து செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். வருகை தேதிக்கு 30 நாளுக்குள் ரத்து செய்தால் பாயிண்ட் ஒரு தனிக் கணக்குக்குப் போய்விடும். அதை வைத்து அடுத்த 60 நாளுக்குள் உள்ள தேதிக்கு மட்டுமே அறை பிடிக்க முடியும்.

8. விற்பனைக் கூட்டத்துக்குப் போனால்

தள்ளுபடி டிக்கெட், பரிசு அட்டை, மலிவான தங்கல் என்று அழைப்பார்கள். தம்பதியர் இருவரும் வர வேண்டும், இவ்வளவு வருமானம் வேண்டும், இவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். 90 நிமிடம் என்றால் அதற்கு மேல் இழுப்பது வழக்கம். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, நேரம் முடிந்ததும் பரிசைக் கேட்டு எழுந்துவிடுங்கள். நாங்கள் போன ஓரிடத்தில் 'வேண்டாம்' என்றதும் ஒருவர் போய் இன்னொருவர் வந்தார். விலை பாதிக்கும் கீழே வந்தது. இன்றைக்கு மட்டும் என்றார்கள். காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறோம் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதுவே எங்களுக்குப் போதுமான பதிலாக இருந்தது.

பரிசுக்கான படிவம் என்று நீட்டுவதில் கிரெடிட் கார்டு விண்ணப்பம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொன்ன எந்த வாக்குறுதியும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் இல்லாததுதான்.

9. ரீசேலில் வாங்கும் முறை

டைம்ஷேர் ரீசேல் செய்யும், உரிமம் பெற்ற தரகர் வழியாகப் போங்கள். விலை பேசி முடிந்ததும் பொதுவாக 10 விழுக்காடு முன்பணம். அது விற்பவர் கைக்குப் போகாமல் விற்பனை முடியும்வரை பணத்தை மூன்றாம் தரப்பு வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் இருக்க வேண்டும். டிஸ்னி ஒப்பந்தம் என்றால் அதே விலைக்கு முதலில் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை டிஸ்னிக்கு உண்டு. முடிவு சொல்ல 30 நாள். அவர்கள் விட்டுக்கொடுத்த பிறகுதான் பத்திர வேலை. எல்லாம் முடிந்து பாயிண்ட் உங்கள் கணக்கில் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். வரும் விடுமுறைக்கு இதை நம்பி விமான டிக்கெட் போட வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை:

- பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம். பத்திரத்தில் யார் யார் பெயர் என்று முன்பே முடிவெடுங்கள். நம் பெயர்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் குழப்பம் சகஜம். எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.
- விற்பவருக்குப் பாக்கி எதுவும் இல்லை, எத்தனை பாயிண்ட் மிச்சம் என்பதை விடுதியின் உரிமையாளர் சங்கம் எழுதித் தரும் எஸ்டாப்பல் சான்று. இது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.
- பழைய பத்திரத்தின் நகல். ஆரஞ்சு கவுன்டி, ஆசியோலா கவுன்டி பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

செலவில், பத்திர வேலையை முடித்துத் தருவதற்கான முடிப்புக் கட்டணம் சில நூறு டாலர். ஃப்ளோரிடாவில் பத்திர முத்திரை வரி 100 டாலருக்கு 70 சென்ட். மேலே சொன்ன 16,500 டாலருக்கு 115 டாலர் 50 சென்ட். இவற்றை வாங்குபவர் கட்டுகிறாரா, விற்பவர் கட்டுகிறாரா, இந்த ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் யாருடையது என்பதை விலை பேசும்போதே எழுதிவிடுங்கள்.

ரீசேலில் சில உரிமைகள் குறையும். 2019 ஜனவரி 19 முதல், பழைய 14 விடுதிகளின் பாயிண்டை ரீசேலில் வாங்கியவர்கள் அதை ரிவியெராவில் பயன்படுத்த முடியாது. ரிவியெராவை ரீசேலில் வாங்கினால் ரிவியெராவில் மட்டுமே தங்கலாம். பின்னாளில் விற்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். இந்தியா திரும்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு இன்னொன்று: அமெரிக்க வரிச் சட்டப்படி வெளிநாட்டவர் ஆன பிறகு விற்றால், விற்பனைத் தொகையில் 15 விழுக்காடு பிடித்தம் என்ற விதி குறுக்கே வரலாம். கிளம்புவதற்கு முன்பே விற்றுவிடுவது நல்லது.

10. கையெழுத்துக்குப் பின் 10 நாள்

ஃப்ளோரிடா டைம்ஷேர் சட்டப்படி, நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிக் கையெழுத்திட்ட நாளிலிருந்தோ, தர வேண்டிய ஆவணங்களில் கடைசியானது கைக்குக் கிடைத்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாட்காட்டி நாளுக்குள் ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'இந்த உரிமை வேண்டாம்' என்று உங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது. வேறு மாநிலத்து விடுதியானால் நாள் கணக்கு மாறும். கலிஃபோர்னியாவில் 7, நெவாடாவில் 5.

ஃபோனில் சொல்வதால் பயனில்லை, எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்த எண், கையெழுத்திட்ட தேதி, எல்லா வாங்குபவர்களின் பெயர், 'இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம், கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும்' என்ற ஒரு வரி, எல்லோருடைய கையெழுத்து, இவ்வளவு போதும். ஒப்பந்தத்தில் ரத்துக்கென்று அச்சிட்டிருக்கும் முகவரிக்கே அனுப்புங்கள், விற்பனை மேசைக்கு அல்ல. தபால் அலுவலகத்தில் சர்ட்டிஃபைட் மெயிலில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு அனுப்பி, ரசீதையும் கடித நகலையும் பத்திரப்படுத்துங்கள். அனுப்பிய தேதிதான் கணக்கு. உங்கள் மனதை மாற்ற யாராவது கூப்பிட்டால், கடிதம் போய்ச் சேரும்வரை பேச்சை வளர்க்க வேண்டாம்.

10 நாள் தாண்டிவிட்டவர்கள் முதலில் அந்த விடுதி நிறுவனத்திடமே திரும்ப எடுத்துக்கொள்ளும் திட்டம் உண்டா என்று கேளுங்கள். 'உங்கள் டைம்ஷேரை வாங்க ஆள் தயாராக இருக்கிறார், முதலில் கட்டணமோ வரியோ அனுப்புங்கள்' என்று வரும் அழைப்புகளை அப்படியே துண்டித்துவிடுங்கள். மெக்சிகோவிலிருந்து இயங்கும் குற்றக் கும்பல்கள் இந்த மோசடியில் இருப்பதாக அமெரிக்க அரசே 2024-இல் எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே பணம் போயிருந்தால் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் ஃப்ளோரிடா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் உடனே புகார் கொடுங்கள். வங்கிக்கு அன்றே தகவல் சொல்லுங்கள்.